தேர்வாகியும் விடுவிக்கப்படாமல் இருப்பவருக்கு

சென்னையில் ஒரு பெரிய ஐடி சேவை நிறுவனத்தில் ஆறு ஆண்டு எட்டு மாதமாக ஒரு வெளிநாட்டு வங்கியின் மென்பொருள்களில் வரும் கோளாறுகளைச் சரிசெய்யும் அப்ளிகேஷன் சப்போர்ட் பணியில் இருக்கிறீர்கள். அலுவலகத்துக்குள் வந்த வேலை அறிவிப்பைப் பார்த்து, தரவைத் திரட்டி ஒழுங்குபடுத்தும் டேட்டா இன்ஜினியரிங் பிரிவுக்கு விண்ணப்பித்து, இரண்டு சுற்று நேர்காணலிலும் தேர்வாகிவிட்டீர்கள். ஆனால் பதினோரு வாரமாக உங்கள் மேனேஜர் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ராஜினாமா செய்யப் போவதாகச் சொன்னால் விடுவிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தபோது அதற்குள் வேறு இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குத் தோன்றியது. உங்களை விடுவிக்கும் அதிகாரம் உண்மையில் யாரிடம், எந்தக் கட்டத்தில் சிக்கியிருக்கிறது என்பது ஒன்று. இவ்வளவு பாடுபட்டு அதே நிறுவனத்துக்குள்ளேயே மாறுவது உங்களுக்கு நன்மைதானா என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தால் ராஜினாமாவைப் பற்றிய கேள்வி தானாகவே சிறியதாகிவிடும்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஐடி சேவைத் துறையில் இருக்கிறேன். அதில் ஒன்பது ஆண்டுகள், யாரை எந்த புராஜெக்டில் அமர்த்துவது என்பதைப் பார்க்கும் ஆர்எம்ஜி குழுவில் கழிந்தன. மற்ற ஆண்டுகள் கிளையண்டுக்கான வேலையைச் செய்து தரும் டெலிவரியில். ஆகவே நான் சொல்வது சேவை நிறுவனங்களுக்குப் பொருந்தும். சொந்தமாக மென்பொருள் தயாரித்து விற்கும் நிறுவனங்களிலும், வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே நடத்தும் மையங்களிலும் ஆட்களின் நேரம் கிளையண்டுக்கு விற்கப்படுவதில்லை என்பதால் அங்கே கணக்கே வேறு. உங்கள் நியமனக் கடிதத்தையோ உங்கள் நிறுவனத்தின் இடமாற்ற விதிகளையோ நான் பார்க்கவில்லை என்பதையும் மனத்தில் வைத்துப் படியுங்கள்.

முதலில் உறுதியாகத் தெரிந்தது. சேவை நிறுவனத்தில் உங்கள் மேனேஜருக்கு நீங்கள் ஒரு ஊழியர் மட்டுமல்ல, மாத வருமானத்தில் ஒரு வரியும் கூட. நேரக் கணக்கில் பில் போடும் ஒப்பந்தமாக இருந்தால், உங்கள் இடத்தில் ஆள் இல்லாத ஒவ்வொரு நாளும் அந்த இடத்துக்கான பில்லிங் நின்றுவிடும். அந்தக் குறை அவருடைய காலாண்டுக் கணக்கில் தெரியும். உங்களைப் பெற்றுக்கொள்ளும் பிரிவின் கணக்கில் தெரியாது. அதோடு, பல ஒப்பந்தங்களில் சில ஊழியர்களை முக்கிய நபர்கள் என்று குறிப்பிட்டு, கிளையண்டின் சம்மதமில்லாமல் அவர்களை எடுக்கக் கூடாது என்று எழுதியிருப்பார்கள். ஆறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வங்கியில் இருக்கும் உங்கள் பெயர் அப்படியொரு பட்டியலில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அது இருக்கிறதா இல்லையா என்பது உங்கள் மேனேஜருக்குத் தெரியும், தயங்காமல் கேட்கலாம்.

உங்கள் இடத்துக்கு வேறொருவர் வருவதற்கும் நீங்கள் நினைப்பதைவிட அதிக நாள் பிடிக்கும். மேனேஜர் முதலில் ஆர்எம்ஜியிடம் மாற்று ஆளுக்கான கோரிக்கையைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு பெஞ்சில், அதாவது எந்த புராஜெக்டிலும் அமர்த்தப்படாமல், இருப்பவர்களின் விவரங்களைச் சலித்து இரண்டு மூன்று பேரை அனுப்புவார்கள். கிளையண்ட் அவர்களை நேர்காணல் செய்வார். வங்கி என்றால் பின்புலச் சரிபார்ப்பு உண்டு, அதன் பிறகுதான் அவர்களுடைய கணினி அமைப்புகளுக்கான அனுமதி கிடைக்கும். அதற்கும் பிறகுதான் வேலையைக் கற்றுக்கொடுத்து ஒப்படைக்கும் கேடி தொடங்கும்: புதியவர் சில வாரம் உங்கள் அருகில் இருந்து பார்ப்பார், அடுத்த சில வாரம் அவர் செய்வதை நீங்கள் பார்ப்பீர்கள். இவை எல்லாம் தடையில்லாமல் நடந்தாலே எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆவதை நான் வழக்கமாகக் கண்டிருக்கிறேன். ஆகவே பதினோரு வாரம் என்பதை மட்டும் வைத்து உங்கள் மேனேஜர் உங்களை வேண்டுமென்றே பிடித்து வைத்திருக்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. என் ஒன்பது ஆண்டு அனுபவத்தில் இதைவிட நம்பகமான சோதனையை நான் அறியவில்லை. ‘என்னை எப்போது விடுவிப்பீர்கள்’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ‘என் இடத்துக்கு ஆள் கேட்டுக் கோரிக்கை பதிவாகிவிட்டதா, அதன் எண் என்ன’ என்று கேளுங்கள். எண் இருந்தால் தாமதம் நடைமுறையில் இருக்கிறது. அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஆர்எம்ஜியில் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், சில இடங்களில் நீங்களே உதவவும் செய்யலாம். பதினோரு வாரம் கழித்தும் எண் இல்லை என்றால் உங்களை விடுவிக்கும் வேலை இன்னும் தொடங்கவே இல்லை. ‘அடுத்த மாதம்’ என்ற சொல்லுக்கு அப்போது எந்தப் பொருளும் கிடையாது, எத்தனை மாதம் காத்திருந்தாலும் அது அடுத்த மாதமாகவே இருக்கும். ஆர்எம்ஜியில் இருந்தபோது என்னிடம் மனம் நொந்து வந்தவர்களில் பெரும்பாலானவர்களின் கதை இதுதான். மேனேஜர் கெட்டவராக இருந்ததில்லை. ஒரு படிவத்தை நிரப்பும் வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்திருப்பார், ஏனென்றால் அதை நிரப்பியவுடன் கிளையண்டிடம் பேச வேண்டிய கசப்பான உரையாடல் ஒன்று அவருக்குக் காத்திருக்கும்.

இந்தக் காரணத்தால்தான், ஒரே நிறுவனத்துக்குள் வேலை மாறுவது நேர்காணலில் வெல்வதைவிட, விட்டுச்செல்லும் நாற்காலியில் யார் உட்காருவார் என்பதைப் பொறுத்தே முடிவாகிறது என்று நான் நம்புகிறேன். விண்ணப்பிக்க நினைக்கும் நாளிலிருந்தே, குழுவில் இருக்கும் இளையவர் ஒருவருக்கு உங்கள் வேலையில் பாதியைக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள், ஆனால் இப்போதும் தாமதமில்லை. இரவில் தானாக ஓடும் பேட்ச் ஜாப் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுகிறார்கள்? நாள் இறுதிக் கணக்கு ஒத்துப்போகாவிட்டால் எந்த ஸ்கிரிப்ட்டை ஓட்ட வேண்டும் என்பது யார் தலையில் மட்டும் இருக்கிறது? இவற்றுக்கு விடை நீங்கள்தான் என்றால், அவற்றை இப்போதே எழுத்தில் கொண்டுவாருங்கள். குழுவில் ஒருவரைக் காட்டி, ‘இவர் ஏற்கெனவே வங்கியின் அனுமதியோடு உள்ளே இருப்பவர், இரண்டு மாதமாக நான் கவனிக்கும் டிக்கெட்டுகளில் (பதிவான கோளாறுப் புகார்களில்) பாதியை இவர்தான் முடிக்கிறார், இவர் என் இடத்துக்கு வரட்டும், இவர் இடத்துக்குப் புதியவரை எடுக்கலாம்’ என்று சொல்ல முடிந்தால், பின்புலச் சரிபார்ப்பு, அனுமதி, கிளையண்ட் நேர்காணல் என்று பல வாரங்கள் உங்களைக் கட்டிப்போடாது. மேனேஜருக்கும் கிளையண்டிடம் சொல்ல ஒரு நல்ல செய்தி கிடைக்கும். விடுவிக்கப்பட்டவர்களில் மிக விரைவாக வெளியே வந்தவர்கள் எல்லாம் இப்படி வந்தவர்கள்தான்.

இனி ராஜினாமா. அப்படிச் சொன்னால் பலிக்குமா என்றால், சில நேரம் பலிக்கும். ஆள் எப்படியும் போகப்போகிறார் என்று தெரிந்தால், வேறு பிரிவிலாவது இருக்கட்டும் என்று மேலே இருப்பவர்கள் விட்டுக்கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். பலிக்காமல் போனதையும் பார்த்திருக்கிறேன், எது எப்போது நடக்கும் என்பதற்கு என்னிடம் விதி எதுவும் இல்லை. ஆனால் அதன் விலை என்ன என்பதைச் சொல்ல முடியும். பெரிய சேவை நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் பெரும்பாலும் 90 நாள். நீங்கள் ராஜினாமாவைப் பதிவு செய்த அன்றே அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும், உங்களைத் தேர்வு செய்த பிரிவும் நோட்டீஸில் இருப்பவரை எடுக்க முடியாமல் கைவிடக்கூடும். பிறகு திரும்பப் பெற்றாலும், ஒருமுறை ராஜினாமா செய்தவர் என்ற நினைவு அடுத்த பதவி உயர்வுப் பேச்சு வரும்போது யாராவது ஒருவரின் மனத்தில் இருக்கும். கையில் வேறு நிறுவனத்தின் வேலைக் கடிதம் இருந்து, மாற்றம் கிடைக்காவிட்டால் உண்மையிலேயே போய்விடுவீர்கள் என்றால் மட்டும் அதைச் சொல்லுங்கள். வெறும் அழுத்தம் கொடுப்பதற்காகச் சொல்ல வேண்டாம் என்பதே என் கருத்து.

அதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, பலர் அதைச் செய்வதில்லை. உங்களைத் தேர்வு செய்த மேனேஜரிடம் அந்த இடத்தை எந்தத் தேதிவரை திறந்து வைத்திருப்பார் என்று கேளுங்கள். அவர்கள் கோரிக்கைக்கும் ஒரு காலக்கெடு உண்டு. அந்தத் தேதி தெரிந்தால், உங்கள் மேனேஜர், புதிய மேனேஜர், ஆர்எம்ஜி மூவரையும் ஒரே மின்னஞ்சலில் வைத்து, தேர்வான தேதி, மாற்று ஆளின் பெயர், கேடி முடியும் நாள், விடுவிக்க வேண்டிய நாள் ஆகிய நான்கை மட்டும் எழுதலாம். புகார் செய்யும் தொனி சிறிதும் வேண்டாம். எழுத்தில் ஒரு தேதி வந்துவிட்டால் அதைத் தள்ளிவைக்க விரும்புகிறவர்தான் காரணம் சொல்ல வேண்டும். அதுவரை காரணம் கேட்டு அலைவது நீங்களாக இருந்தீர்கள். இதற்கும் பதில் வராவிட்டால் மனிதவளத் துறையிடம் போவதில் தவறில்லை. பல நிறுவனங்களில், உள்ளேயே தேர்வானவரை இத்தனை நாளுக்குள் விடுவிக்க வேண்டும் என்று விதி இருக்கும். உங்கள் நிறுவனத்தின் விதியைத் தேடிப் படித்துவிட்டு, அந்த விதியின் எண்ணோடு போங்கள்.

இங்கே ஓர் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். பழைய இடத்திலிருந்து விடுவித்த தேதிக்கும் புதிய இடத்தில் அமர்த்திய தேதிக்கும் நடுவே இடைவெளி விழக் கூடாது. விழுந்தால் அந்த நாட்களில் நீங்கள் பெஞ்சில் இருப்பவராகக் கணக்காவீர்கள். முன்பெல்லாம் அது பெரிய விஷயமில்லை. 2025 ஜூனில் டிசிஎஸ் கொண்டுவந்த விதிப்படி ஓர் ஊழியர் ஆண்டுக்கு 225 நாளாவது பில்லிங்கில் இருக்க வேண்டும், பெஞ்சில் இருக்கும் காலம் ஆண்டுக்கு 35 நாளைத் தாண்டக் கூடாது. மற்ற நிறுவனங்களில் எண்கள் வேறாக இருக்கலாம், ஆனால் பெஞ்சில் பொறுமையாகக் காத்திருக்க விடும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்பது துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே வெள்ளிக்கிழமை விடுவித்தால் திங்கட்கிழமை அமர்த்தல் என்று அமைப்பில் பதிவாகியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பழைய இருக்கையைக் காலி செய்யுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி, இந்த மாற்றம் நன்மைதானா என்பது. உங்கள் நோக்கம் சம்பளம் என்றால், உள்ளே மாறுவது அதற்கு உகந்த வழி இல்லை. அதே பேண்டில், அதாவது அதே பதவி நிலையில், பக்கவாட்டில் நகர்கிறவருக்குச் சம்பளத்தை உயர்த்தும் வழக்கம் சேவை நிறுவனங்களில் அரிது. இது இங்கே மட்டும் உள்ள நிலையும் இல்லை. வார்டன் வணிகப் பள்ளியின் மேத்யூ பிட்வெல் ஓர் அமெரிக்க முதலீட்டு வங்கியின் ஊழியர் பதிவுகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட கட்டுரையில், வெளியிலிருந்து எடுக்கப்பட்டவர்கள், அதே வேலைக்கு உள்ளிருந்து உயர்த்தப்பட்டவர்களைவிட ஏறத்தாழ 18 சதவீதம் அதிகச் சம்பளம் பெற்றார்கள் என்று கண்டார். ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் பணி மதிப்பீட்டில் பின்தங்கியவர்களும் அவர்கள்தான், வேலையை இழக்கும் வாய்ப்பும் அவர்களுக்குத்தான் அதிகமாக இருந்தது. அதே ஆய்வில் உங்களுக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு: பதவி உயர்வும் குழு மாற்றமும் ஒரே நேரத்தில் வந்தவர்கள், தம் குழுவிலேயே உயர்ந்தவர்களைவிடத் தடுமாறினார்கள். ஒரு நாட்டின் ஒரு வங்கியில் கண்டதைச் சோழிங்கநல்லூருக்கு அப்படியே கொண்டுவந்து பொருத்த முடியாது என்பதை நான் அறிவேன். ஆனாலும் வேலையும் குழுவும் மேலாளரும் சேர்ந்தே மாறும்போது, உள்ளூர் ஆளாக இருப்பதன் பலம் பாதி போய்விடுகிறது என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். உங்கள் மாற்றமும் அந்த வகைதான். பதவி உயர்வையும் இதோடு சேர்த்துக் கேட்டுவிடலாமா என்று நீங்கள் எழுதியிருந்ததற்கு, இந்த ஆண்டு வேண்டாம் என்பேன்.

ஆனால் நோக்கம் புதிய தொழிலைக் கற்பது என்றால் உள்ளே மாறுவதைப்போல எளிய வழி வேறில்லை. டேட்டா இன்ஜினியரிங்கில் அனுபவம் இல்லாத ஒரு சப்போர்ட் ஊழியரை வெளி நிறுவனம் நேர்காணலுக்கே கூப்பிடத் தயங்கும். உங்கள் நிறுவனம் உங்களை அறிந்திருப்பதால் எடுத்துக்கொள்கிறது. இரண்டு ஆண்டு அங்கே வேலை செய்தபின் அதே வெளி நிறுவனங்கள் உங்களைத் தேடி வரும்.

வேலை ஆண்டுகளின் தொடர்ச்சியும் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. கிராஜுவிட்டி சட்டப்படி ஐந்தாண்டு தொடர்பணி முடித்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசியாக வாங்கிய ஊதியத்தில் 15 நாள் ஊதியம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில் கிடைக்கும்; ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி முழு ஆண்டாகக் கொள்ளப்படும். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் நிரந்தர ஊழியருக்கு இந்த அடிப்படை மாறவில்லை. கணக்கிடும் ஊதியம் மாதம் ரூ.40,000 என்று வைத்துக்கொண்டால், உங்கள் ஆறு ஆண்டு எட்டு மாதம் ஏழு ஆண்டாகி, சுமார் ரூ.1,61,500 வரும். ஒரே நிறுவனத்துக்குள் பிரிவு மாறுவதால் இந்தத் தொடர்ச்சி அறுவதில்லை. ஆனால் உங்களை எடுக்கும் டேட்டா பிரிவு அதே சட்டப்பெயரில் இயங்குகிறதா, அல்லது குழுமத்தின் வேறொரு துணை நிறுவனமா என்று பாருங்கள். பெயர்ப்பலகையும் அடையாள அட்டையின் நிறமும் ஒன்றாக இருக்கும், சம்பளச் சீட்டில் நிறுவனத்தின் பெயர் வேறாக இருக்கும். துணை நிறுவனம் என்றால், பழைய பணிக்காலம் தொடரும் என்ற ஒரு வரி புதிய கடிதத்தில் இருக்க வேண்டும், பிஎஃப் கணக்கை, வேலை மாறினாலும் மாறாத அதே யூஏஎன் எண்ணில் மாற்ற வேண்டும், நடுவாண்டில் மாறினால் அதுவரை வாங்கிய சம்பள விவரத்தைப் புதிய நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாதவர்களுக்கு மார்ச் முடிந்தபின் வருமான வரியில் பெரிய பாக்கி வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அப்ரைசலைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. நிதியாண்டின் நடுவில் மாறினால் உங்கள் ஆண்டை இரண்டு பேர் பார்த்திருப்பார்கள், மதிப்பீட்டுக் கூட்டத்தில் உங்களுக்காகப் பேச ஒருவரே இருப்பார், அவருக்கு உங்களைச் சில மாதமே தெரியும். அத்தகையவர்களுக்குப் பெரும்பாலும் நடுத்தரமான ரேட்டிங் விழுந்ததை நான் கண்டிருக்கிறேன். இது எல்லா இடத்திலும் அப்படியே என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் எதிர்பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. அதைக் குறைக்க ஒரே வழி, விடுவிக்கப்படும் நாளுக்கு முன்பே பழைய மேனேஜர் அந்தக் காலத்துக்கான மதிப்பீட்டை அமைப்பில் எழுதி மூடிவிடுவது. போன பிறகு எழுதித் தருகிறேன் என்பார். அவர் மனம் அப்போது வேறு வேலையில் இருக்கும்.

போன பிறகு என்ன என்பதில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். டெலிவரியிலிருந்து ஆர்எம்ஜிக்கு மாறியபோது, பழைய குழு இரவில் கூப்பிட்டபோதெல்லாம் நான் எடுத்துப் பேசினேன், மறுக்க மனம் வரவில்லை. நான்கு மாதம் அப்படிப் போயிற்று. புதிய குழுவில் காலையில் களைப்போடு வந்து உட்கார்ந்தவரைத்தான் என் புதிய மேலாளர் பார்த்தார், அந்த ஆண்டு முழுவதும் அவர் மனத்தில் என் உருவம் அதுவாகவே இருந்தது. யார்மீதும் எனக்கு வருத்தமில்லை, எல்லையை நான் வகுத்திருக்க வேண்டும். நீங்கள் இரண்டு வாரம் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள், அதற்குப் பின் வரும் கேள்விகள் உங்கள் புதிய மேனேஜர் வழியாக வரட்டும். உங்கள் இடத்துக்கு வருபவர் தன் காலில் நிற்பதற்கும் அதுவே உதவும்.

புதிய குழுவில் உங்களைவிட ஐந்து வயது இளையவர்கள் பைத்தானிலும் ஸ்பார்க்கிலும் நிரல்களை உங்களைவிட விரைவாக எழுதுவார்கள். அதில் மனம் சுருங்க வேண்டாம். ஒரு வங்கியின் தரவு எந்த இரவில், எந்தக் கோப்பில், எந்தக் காரணத்தால் உடையும் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆறரை ஆண்டு அந்த உடைப்புகளைச் சரிசெய்த உங்களுக்குத் தெரியும். காலதாமதமாக வரும் கோப்பு, இரண்டு முறை பதிவான பரிவர்த்தனை, விடுமுறை நாளில் ஓடிய ஜாப் ஆகியவற்றை எதிர்பார்த்து, தரவு ஓடும் பைப்லைனை வடிவமைக்கும் பேச்சு வரும்போது, முதல் மாதத்திலேயே உங்கள் குரல் கேட்கட்டும்.

இப்போதைக்கு, திங்கட்கிழமை காலை உங்கள் மேனேஜரிடம் கோரிக்கை எண்ணைக் கேளுங்கள். எண் என்ன ஆயிற்று என்பதை இங்கேயே எழுதினால், அடுத்து யாருக்கு எப்படி எழுதுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.